தடுமாறியவர்கள் எழுதிய நூல்களா, வழி சொல்லும் நூல்களா?

பொருநைக்கரையான்:

பாளையங்கோட்டையில் நாங்கள் நடத்தும் சிறிய வாசகர் வட்டத்தில், கல்லூரியை முடித்துவிட்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் பிள்ளைகளுக்கென ஓர் அலமாரியை ஒதுக்க முடிவு செய்திருக்கிறோம். அதில் எந்த நூல்களை வைப்பது என்பதில்தான் தகராறு. தன்னம்பிக்கை நூல் ஒன்றுகூட வேண்டாம் என்பது என் கட்சி. ஏழு படிகள், பத்து விதிகள் என்று எண்ணிக் கொடுக்கும் நூல், வாசிக்கிறவன் எந்த இடத்தில் நிற்கிறான் என்று கேட்பதே இல்லை. தடுமாறியவர்கள் தங்கள் தடுமாற்றத்தைத் தாங்களே எழுதிய நூல்கள் போதும்.

என் முதல் பரிந்துரை உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’. 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் அவரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா, தலபுராணம் என்று இவர் அடுக்கிக்கொண்டே போகிறார். கேட்பவர் முகத்தில் வியப்பே தோன்றவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்ற கேள்வி வரும்போதுதான், மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டவருக்குத் தாம் காணாத தமிழ் ஒன்று இருப்பது உறைக்கிறது. நூல் கைக்கு வந்த பிறகும் பொருள் விளங்காமல், சமணர் வீடுகளுக்குச் சென்று கேட்டுக் கேட்டுத் தெளிந்து, 1887-இல்தான் அவரால் அதைப் பதிப்பிக்க முடிந்தது. வேலை கிடைக்காத பட்டதாரிக்கு இந்த ஏழு ஆண்டுகளைக் காட்டிலும் வேறென்ன ஆறுதல் வேண்டும்?

மேலரதவீதி வாசகன்:

அண்ணாச்சி, ஆறுதல் சரிதான். வழி எங்கே இருக்கிறது? ‘என் சரித்திரம்’ ஆனந்த விகடனில் வரத் தொடங்கிய 1940-இல் உ.வே.சா.வுக்கு எண்பத்தைந்து வயது நெருங்கிவிட்டது. தமிழ்த் தாத்தா என்று நாடே கொண்டாடிய காலம் அது. காந்தியின் ‘சத்திய சோதனை’யும் அப்படித்தான். பம்பாய் நீதிமன்றத்தில் முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்து நின்று, ஒரு கேள்வியும் வாயில் வராமல் உட்கார்ந்து, வாங்கிய முப்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறியதை அவர் எழுதியது, மகாத்மா ஆகிவிட்ட பிறகு. வென்றவர் தம் பழைய தோல்வியைச் சொல்லும்போது அதற்குத் தானாகவே ஓர் அழகு வந்துவிடுகிறது. அதே நீதிமன்றத்தில் அதேபோல வாயடைத்துப் போய், அதன் பிறகும் தேறாமல் ஊர் திரும்பிய வக்கீல்களின் சரித்திரத்தை யார் எழுதினார்கள், யார் அச்சிட்டார்கள்? உங்கள் அலமாரி முழுவதும் கரையேறியவர்களின் கதையாகத்தான் இருக்கும். தன்னம்பிக்கை நூல் குறைந்தபட்சம் நாளைக் காலையில் எழுந்து என்ன செய்யலாம் என்றாவது சொல்கிறது.

பொருநைக்கரையான்:

வென்ற பிறகு எழுதினார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுதிய விதத்தைப் பாருங்கள். பத்துப்பாட்டின் ஏடுகளைத் தேடி நம் ஆழ்வார்திருநகரிக்கு வந்த உ.வே.சா., கவிராயர்களின் வீடுகளில் கட்டுக்கட்டாகச் சுவடிகளைப் புரட்டியும் கிடைக்காமல் சோர்ந்துபோகிறார். கடைசியில் ஓர் இரவு தெருவில், நிலா வெளிச்சத்தில் ஏட்டைப் பிரித்துப் பார்த்து அது பத்துப்பாட்டுத்தான் என்று கண்டுகொள்கிறார். அந்தப் பக்கங்களை வாசிக்கும்போது முடிவு தெரிந்த நமக்கே, கிடைக்காமல் போய்விடுமோ என்று பதைக்கிறது. வெறுங்கையாய்க் கழிந்த பகல்களை அவர் சுருக்கிவிடவில்லை. நான் தேடுவது அந்தச் சுருக்காமையைத்தான்.

ஒட்டப்பிடாரத்து ஆசிரியை:

இருவரும் நம் மண்ணின் சாட்சியை மறந்துவிட்டு வாதிடுகிறீர்கள். 1906-இல் இருபத்தைந்து ரூபாய்ப் பங்குகளாகப் பத்து லட்சம் ரூபாய் மூலதனம் திரட்டத் திட்டமிட்டுத் தூத்துக்குடியில் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி., 1908-இல் சிறைக்குப் போனார். அவர் உள்ளே இருந்தபோதே கம்பெனி முடிந்துபோயிற்று. அந்தச் சிறையில் அவர் மொழிபெயர்க்கத் தேர்ந்தெடுத்தது எதை? ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயர் எழுதிய, இன்று நீங்கள் முகம் சுளிக்கும் வகையைச் சேர்ந்த ஒரு நூலை. ‘மனம்போல வாழ்வு’ என்று அதற்குப் பெயரிட்டார். பிறகு ‘அகமே புறம்’, ‘வலிமைக்கு மார்க்கம்’, ‘சாந்திக்கு மார்க்கம்’ என்று அதே ஆசிரியரின் வேறு மூன்று நூல்களையும் தமிழாக்கினார். செக்கிழுத்தவருக்குத் தேவைப்பட்டது பாளையங்கோட்டைப் பட்டதாரிக்குத் தேவைப்படாதா?

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்கிறேன். அரசுத் தேர்வில் இரண்டு முறை தவறிய ஆண்டில் நாளொன்றுக்கு இரண்டு பக்கமாக ‘அகமே புறம்’ வாசித்தேன். அது எனக்கு எந்த வழியையும் காட்டவில்லை. ஆனால் விடியற்காலையில் எழுந்து மேசை முன் உட்காரும் பழக்கம் என்னை விட்டுப் போகாமல் பார்த்துக்கொண்டது.

பொருநைக்கரையான்:

அக்கா, நீங்கள் அழைத்து வந்த சாட்சி என் பக்கத்துக்கும் சாட்சி சொல்கிறார். எண்ணத்தைப் போலவே வாழ்வு அமையும் என்பது ஆலனின் கொள்கை. வ.உ.சி.யின் எண்ணத்தில் என்ன குறை இருந்தது? வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைத் தாழ்த்தியதும், அரசு அவரைச் சிறையில் தள்ளியதும் அவருடைய அகத்திலிருந்து வந்தவையா? 1912 டிசம்பரில் விடுதலையாகி வெளியே வந்தவர் வக்கீல் தொழில் செய்யும் உரிமையையும் இழந்து வறுமையில் உழன்றார். அதை அறிய ஆலனிடம் போய்ப் பயனில்லை. அவர் அகவற்பாவில் எழுதிய சுயசரிதையையும் அவருடைய கடிதங்களையும்தான் வாசிக்க வேண்டும்.

ஒட்டப்பிடாரத்து ஆசிரியை:

அவருக்கு அது தெரியாதென்றா நினைக்கிறீர்கள்? கப்பல் போனது ஏன் என்று அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? அறிந்தபின்னும் அடுத்தடுத்து மூன்று நூல்களை மொழிபெயர்த்தாரே, அதைத்தான் நான் சொல்கிறேன். காரணம் தெரிந்துகொள்ள ஒரு நூல், பொழுதைக் கடத்த ஒரு நூல். இரண்டையும் ஒரே மனிதர் கையில் வைத்திருந்தார்.

வைகுண்டம் வாழைக்காரன்:

பெரியவர்கள் நடுவே குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் செந்தூர் எக்ஸ்பிரஸ் எங்கள் ஊரில் பயணிகளோடு நின்றுபோன அந்த மழையில், குலை தள்ளும் பருவத்தில் இருந்த என் இரண்டு ஏக்கர் வாழை ஆற்றோடு போயிற்று. தன்னம்பிக்கை நூல்களை நண்பர்கள் கொடுத்தார்கள். உண்மையைச் சொன்னால், கோபம்தான் வந்தது. உதவியது என் அப்பாவின் வரவு செலவு நோட்டு. 1992 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அவர் எழுதியிருந்தார்: “மணல் முழங்கால் அளவு. அள்ளாமல் கன்று வைத்தேன். பிசகு.” அதற்குக் கீழே கூலிக் கணக்கு, அதற்கும் கீழே அடித்துத் திருத்திய நாலைந்து வரிகள். மறு ஆண்டு மணலை ஒதுக்கி, பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுத பிறகே கன்று வைத்திருக்கிறார். நானும் அப்படியே செய்தேன்.

மேலரதவீதி வாசகன்:

இது நூலே அல்ல, வேளாண்மைக் குறிப்பு என்று பொருநைக்கரையான் அண்ணாச்சி சொல்லக்கூடும். நான் அப்படிச் சொல்லமாட்டேன். இதுவரை இங்கே பேசப்பட்டவற்றில், என்ன ஆகும் என்று தெரியாத நாளிலேயே எழுதப்பட்டது இந்த நோட்டு ஒன்றுதான். எழுதியவர் அப்போது கரையேறியிருக்கவில்லை.

பொருநைக்கரையான்:

சொல்லமாட்டேன், தம்பி. “பிசகு” என்ற அந்த ஒற்றைச் சொல்லை நான் பொறாமையோடு வாசித்தேன். அலமாரியில் ‘அகமே புற’த்துக்கும் இடம் ஒதுக்கிவிடுகிறேன், ‘என் சரித்திர’த்துக்குப் பக்கத்திலேயே. வாழைக்காரர் அந்த நோட்டுக்கு ஒரு நகல் தருவாரா?

வைகுண்டம் வாழைக்காரன்:

தருவதில் தடையில்லை. முதல் இருபது பக்கங்கள் வெள்ளத்தில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. பிரிக்க முடிந்தவற்றைப் பிரித்து எடுத்து வருகிறேன். நகல் எடுத்த அன்றே நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த கன்று வைக்கும்போது எனக்கு அது தேவைப்படும்.