வார இறுதியில் பிள்ளைகளுக்குச் சமைக்கும் தகப்பனின் கேள்வி

நுவரெலியாவாசி:
நானும் மனைவியும் கடந்த ஆண்டிலிருந்து பிரிந்து வாழ்கிறோம். பத்து வயது மகளும் ஆறு வயது மகனும் பாடசாலை நாட்களில் ஹட்டனில் தாயுடன் இருக்கிறார்கள். வெள்ளி மாலை பஸ்ஸில் என்னிடம் வந்து ஞாயிறு பிற்பகல் திரும்புகிறார்கள். ஒழுங்காகச் சமைத்துக் கொடுக்கவே விரும்புகிறேன். ஆனால், "அம்மா வைக்கிற சொதி இப்படி இல்லை" என்று மகன் தட்டைத் தள்ளிவிடுகிறான். என் தாயாரோ, "அங்க உங்கம்மா என்னடா ஆக்கிப் போட்டா?" என்று ஒவ்வொரு முறையும் அவனைக் கேட்கிறார். திங்கட்கிழமைக்கென்று நான் கொடுத்தனுப்பிய சம்பல் போத்தல் திறக்கப்படாமலே திரும்பி வந்தது. இருவரும் இணங்கிவிட்டதால் விரைவில் மணநீக்கம் பெறலாம் என்றும், மலையகத்தாருக்குக் கண்டியச் சட்டத்தில் அது எளிது என்றும் ஒரு நண்பர் சொல்கிறார். வழக்கையும் அடுப்பையும் ஒன்றாகச் சமாளிப்பவர்கள் வழி சொல்லுங்கள்.

கொட்டகலை ஆசிரியை:
தம்பி, நானும் கணவரைப் பிரிந்து பிள்ளை வளர்ப்பவள். மகன் தட்டைத் தள்ளும்போது அவன் உங்கள் சமையலுக்கு மதிப்பெண் போடவில்லை. தாய் அருகில் இல்லாததை அவனுக்குத் தெரிந்த விதத்தில் சொல்கிறான். ஆகவே அவர் வைக்கும் சொதியைப் போலவே வைக்க முயல வேண்டாம். உங்கள் வீட்டுக்கென்று ஓர் உணவு இருக்கட்டும்: சனிக்கிழமை காலை ரொட்டியும் கட்டச்சம்பலும் என்று வைத்துக்கொண்டு, மாவு பிசைவதை மகளிடமும் தேங்காய் துருவுவதை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள். சில வாரங்களில் அவர்களே அதைக் கேட்கத் தொடங்குவார்கள்.

உங்கள் தாயாரின் கேள்வியை மட்டும் உடனே நிறுத்துங்கள். பிள்ளை என்ன பதில் சொன்னாலும் ஒரு வீட்டைக் காட்டிக்கொடுத்ததாகவே உணர்வான், பிறகு இரு வீடுகளிலும் பொய் சொல்லப் பழகுவான். சம்பல் போத்தலும் அப்படித்தான். அதை அன்பாக அனுப்பினீர்கள். பிள்ளைகளின் தாய்க்கோ தன் அடுப்படிக்குள் வந்த குறையாகத் தோன்றியிருக்கலாம். எதையாவது அனுப்ப வேண்டுமானால் முதலில் அவரிடமே தொலைபேசியில் கேளுங்கள், பிள்ளையிடம் சொல்லியனுப்ப வேண்டாம். மருந்து, ஒவ்வாமை, பாடசாலைப் பணம் ஆகியவை தவிர வேறெதுவும் பேசுவதில்லை என்ற உடன்பாடு எங்களுக்கு உதவியது, அதில் பிறகு உணவையும் சேர்த்துக்கொண்டோம்.

சட்டத்தரணி அலுவலக எழுதுவினைஞர்:
நண்பர் சொன்னது தவறு. 1952 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கக் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டம் கண்டியச் சிங்களவருக்குரியது. பரஸ்பர இணக்கத்தின் பேரில் மணநீக்கம் அதில் உண்டு. மலையகத்தில் வாழ்வதாலோ கண்டி மாவட்டத்தில் பிறந்ததாலோ தமிழருக்கு அது பொருந்தாது. உங்கள் திருமணம் 1907 ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருமானால், மணத்துக்குப் புறம்பான பாலுறவு, வேண்டுமென்றே கைவிட்டுச் செல்லல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மை அல்லது பெண்மைக் குறைபாடு ஆகிய மூன்றில் ஒன்றை மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். முதல் தீர்ப்பு கிடைத்த பின் அது இறுதியாகக் குறைந்தது 3 மாதங்கள் செல்லும்.

பிள்ளைகளின் செலவு வேறு வழக்கு. 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்படி அது நீதவான் நீதிமன்றத்தில் நடக்கும், மணநீக்கம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வார இறுதியில் நீங்கள் சமைப்பதைக் காட்டி மாதப் பணத்தைக் குறைக்க எண்ணாதீர்கள், அங்கேதான் பல இணக்கங்கள் குலைகின்றன. வருமானம் குறைவானால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள்.

ஹட்டன் சமையற்காரர்:
வழக்கைப் பற்றி எனக்கொன்றும் தெரியாது, சொதியைப் பற்றித் தெரியும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதிக்கும். ஹட்டனில் வெந்த நேரத்துக்குள் உங்கள் வீட்டில் பருப்பு வேகாது, ஒப்பீட்டுக்கு அதுவும் ஒரு காரணமாயிருக்கலாம். கடலையை வியாழன் இரவே ஊறவைத்து வெள்ளிக்கிழமை பிரசர் குக்கரில் வேகவைத்துவிடுங்கள். மைசூர் பருப்புக்கு ஊறல் தேவையில்லை, ஆனால் புளியையோ தக்காளியையோ முதலில் போட்டால் அது மசியாது. சொதியில் முதற்பாலை இறுதியில் ஊற்றி, கொதிக்க விடாமல் துழாவி இறக்குங்கள்.

நுவரெலியாவாசி:
கண்டியச் சட்டத்தை நம்பி இன்னும் எதையும் தாக்கல் செய்யவில்லை, நல்லதாயிற்று. அம்மாவிடம் இன்றிரவே பேசுகிறேன். அக்கா, ஒன்று கேட்க வேண்டும்: மகளே மாவு பிசைந்த ரொட்டியைத் தன் தாய்க்குக் கொண்டுபோக ஆசைப்பட்டால், அதையும் முதலில் தொலைபேசியில் கேட்க வேண்டுமா?

கொட்டகலை ஆசிரியை:
வேண்டாம். அது அவளுடைய ரொட்டி, அவள் விரும்பியபடி கொண்டுபோகட்டும்.