மறு: 'செயின் ஸ்ட்ரெட்ச்' – நீட்சியா, தொய்வா, தேய்நீட்சியா?

வணக்கம் நண்பர்களே.

எஞ்சின் பாகங்களுக்கும் பழுதுகளுக்கும் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில், எஞ்சினுக்குள் ஓடும் 'டைமிங் செயின்' என்ற சங்கிலிக்கு வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். காலச் சங்கிலி, நேரச் சங்கிலி, ஒழுங்குச் சங்கிலி, இசைவுச் சங்கிலி. என் ஓட்டு இசைவுச் சங்கிலிக்கு. அந்தச் சங்கிலிக்குக் கடிகாரத்தோடு வேலை இல்லை. பிஸ்டன்களோடு இணைந்த தண்டான க்ராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். பிஸ்டன் மேலேறி வரும்போது வால்வு அதன் வழியில் நிற்கக் கூடாது. இரண்டையும் இசைந்து நடக்க வைப்பதுதான் அதன் வேலை. 'இசைவு தப்பிவிட்டது' என்றால் பட்டறையில் இருப்பவருக்கும் விளங்கும். இதற்கு மேல் இந்தச் சொல்லில் நான் வாதிட ஒன்றுமில்லை.

நான் எழுத வந்தது அடுத்த சொல்லுக்காக. நாளடைவில் சங்கிலியின் நீளம் கூடிவிடுவதை ஆங்கிலத்தில் 'செயின் ஸ்ட்ரெட்ச்' என்கிறார்கள். அதற்கு இழையில் நண்பர் ஒருவர் எழுதியது:

> 'செயின் ஸ்ட்ரெட்ச்' என்பதற்குச் 'சங்கிலி நீட்சி' என்றே வைத்துவிடலாம். நேரடியாக இருக்கிறது, எல்லோருக்கும் புரியும்.

வேண்டாம் என்பதே என் கருத்து. ஆங்கிலச் சொல்லே இங்கே தவறான படத்தைக் காட்டுகிறது. அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் தவறும் சேர்ந்தே வரும். ரப்பர் வளையத்தை இழுத்தால் நீளுமே, அந்த மாதிரி எஃகுத் தகடு இழுபட்டு நீண்டுவிடுவதில்லை. சங்கிலியின் ஒவ்வொரு மூட்டிலும் ஓர் ஆணி இருக்கிறது, அது திரும்புவதற்கு ஒரு துளை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் இருக்கும்வரை தேய்வு மிக மெதுவாகவே நடக்கும். எண்ணெயை மாற்றாமல் தள்ளிப்போட்டு, கரித்துகள் சேர்ந்து, அளவும் குறைந்தால் ஆணியும் துளையும் ஒன்றையொன்று அரைக்கத் தொடங்குகின்றன. ஆணி மெலிகிறது, துளை அகல்கிறது, அடுத்த கண்ணி அந்த அளவுக்குத் தள்ளி நிற்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கண்ணிக்குக் கண்ணி 8 மி.மீ. இடைவெளி, மொத்தம் 120 கண்ணிகள் என்றால் சங்கிலியின் நீளம் 960 மி.மீ. மூட்டுக்கு 0.02 மி.மீ. தேய்ந்தால் போதும், மொத்தத்தில் 2.4 மி.மீ. கூடிவிடும். 0.02 மி.மீ. கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது. தனித்தனியாக எந்தக் கண்ணியும் பழுதாகத் தெரியாது. ஆனால் 120 சிறு தேய்வுகள் ஒன்றாகக் கூடும்போது எஞ்சின் தடுமாறுகிறது. ஆக, நீளம் கூடுவது விளைவு, காரணம் தேய்வு. காரணத்தைச் சொல்லாத சொல், எண்ணெயைக் கவனி என்று யாருக்கும் நினைவூட்டாது.

> அப்படியானால் 'தொய்வு' போதுமே? பட்டறையில் 'செயின் லூஸ்' என்றுதானே சொல்கிறார்கள்.

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். தொய்வு நல்ல சொல், அதை நாம் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அது வேறொரு பழுதின் பெயர்.

சங்கிலிக்கு இரண்டு பக்கம் உண்டு. க்ராங்க் இழுக்கிற பக்கம் எப்போதும் விறைப்பாக இருக்கும். திரும்பி வருகிற பக்கம்தான் தொய்யும். சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் (இறுக்கி) அந்தத் தொய்யும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. எண்ணெய் அழுத்தத்தால் வெளியே நீண்டு, தொய்வை எடுத்துவிடுகிறது. சங்கிலி தேய்ந்திருந்தாலும் டென்ஷனருக்கு எட்டும் தூரம் வரை தொய்வு வெளியே தெரியாது, சத்தமும் வராது. ஆனால் இழுக்கிற பக்கத்தில் கூடிய நீளத்தை டென்ஷனரால் ஒன்றும் செய்ய முடியாது. மேலே சொன்ன சங்கிலியில், க்ராங்க் சக்கரத்துக்கு 20 பல், கேம் சக்கரத்துக்கு 40 பல் என்றால் இழுபக்கத்தில் நிற்பவை 45 கண்ணிகள். அங்கே கூடிய நீளம் 0.9 மி.மீ. கேம் ஏறத்தாழ 1 பாகை பின்தங்கும். க்ராங்க் கணக்கில் 2 பாகை. வால்வுகள் அந்த அளவுக்குத் தாமதமாகத் திறக்கும்.

இப்படிப் பார்த்தால் இரண்டு பழுதுகள், இரண்டு அடையாளங்கள். தொய்வு காதுக்குத் தெரியும். பின்தங்கல் அளவையில் தெரியும். இந்த இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், பழுது பார்ப்பவரும் ஒரே செலவில் அடைத்துவிடுவார்.

எனக்கு அப்படி நடந்தது. காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் எஞ்சினின் முன்பக்கத்தில் இரண்டு மூன்று விநாடி கடகடவென்று சத்தம், அப்புறம் அடங்கிவிடும். பார்த்தவர் 'செயின் நீண்டுடுச்சு, முழு செட்டும் மாத்தணும்' என்றார். மாற்றினோம். பழைய சங்கிலியை வீட்டுக்கு எடுத்துவந்து, வாங்கிய புதிய சங்கிலிக்கு அட்டையில் குறித்திருந்த நீளத்தோடு ஒப்பிட்டேன். வித்தியாசமே இல்லை. டென்ஷனரின் தண்டை எண்ணெய் நிரப்பிக் கட்டைவிரலால் அழுத்தினால் அது எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனது. இரவெல்லாம் அதிலிருந்து எண்ணெய் வடிந்து, காலையில் அழுத்தம் ஏறும்வரை சங்கிலி தொய்ந்து அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. வெளியிலிருந்தே கழற்றக்கூடிய ஒரு பாகத்துக்காக எஞ்சினின் முன்மூடியைத் திறந்தோம். 'நீண்டுவிட்டதா, தொய்ந்திருக்கிறதா' என்று அன்று நான் கேட்டிருந்தால் அந்தச் செலவு மிஞ்சியிருக்கும். கேட்பதற்கு என்னிடம் இரண்டு சொல் இல்லை.

ஆகவே என் பரிந்துரை: தேய்நீட்சி.

தேய்வதால் கூடும் நீளம். வினைத்தொகையாக அமைகிறது. ஊறுகாய் என்றால் ஊறின காய், ஊறுகிற காய், ஊறும் காய் என மூன்று காலமும் அடங்குவதுபோல, இந்தத் தேய்வும் நேற்று நடந்தது, இன்று நடக்கிறது, எண்ணெயைப் பார்க்காவிட்டால் நாளையும் நடக்கும். 'நீட்சியா தேய்கிறது? ஆணிதானே தேய்கிறது' என்று இலக்கணம் அறிந்த நண்பர் ஒருவர் கேட்கக்கூடும். நடந்த களைப்பு என்கிறோம். நடந்தது களைப்பு இல்லை. அழுத வீக்கம் என்கிறோம்; அழுதது வீக்கம் இல்லை. வினையால் வந்த விளைவை அந்த வினையோடு சேர்த்துச் சொல்வது நம் பேச்சிலேயே இருக்கிறது.

'கண்ணித் தேய்வு' என்று ஒரு மாற்றும் யோசித்தேன். அழகாக இருக்கிறது. ஆனால் அளந்து பார்ப்பது நீளத்தைத்தான், தேய்வை இல்லை. கையேட்டில் வரம்பு கொடுப்பதும் நீளத்துக்குத்தான். அதனால் நீட்சி சொல்லுக்குள் இருக்கட்டும்.

சொல் வேலைக்கு ஆகுமா என்று ஒரு பழுதுபார்ப்புக் குறிப்பாக எழுதிப் பார்த்தேன். நீங்களும் படித்துச் சொல்லுங்கள்:

"குளிர்ந்த எஞ்சினில் தொடக்கச் சத்தம் மட்டும் இருந்தால் முதலில் எண்ணெயின் அளவையும் வகையையும் சரிபார்க்கவும். எண்ணெய் வடிகட்டியில் உள்ள பின்னோட்டத் தடுப்பு வால்வு கெட்டிருந்தாலும் இதே சத்தம் வரும். வடிகட்டியை மாற்றுவது மலிவான முதல் படி. அடுத்து இறுக்கியைப் பார்க்கவும். அது பற்படி (ராட்செட்) வகையாக இருந்தால் தண்டு எத்தனை பல் வெளியே வந்திருக்கிறது என்று எண்ணவும்: கையேட்டின் வரம்புக்குள் என்றால் தொய்வு, வரம்பைத் தாண்டினால் தேய்நீட்சி. எஞ்சின் கணினியில் பி0016 என்ற பழுதுக் குறியீடு வந்தால் கேமும் க்ராங்கும் இசையவில்லை என்று பொருள். உணரி (சென்சார்), கேம் கோணத்தை மாற்றும் பாகம், அதற்கு எண்ணெய் விடும் வால்வு ஆகியவற்றைச் சோதித்த பிறகே தேய்நீட்சி என்று முடிவு செய்யவும். தேய்நீட்சி உறுதியானால் சங்கிலி, இறுக்கி, வழிகாட்டிகள் (சங்கிலி உரசி ஓடும் பட்டைகள்), பற்சக்கரங்கள் நான்கையும் சேர்த்து மாற்றவும். தேய்ந்த பல்லில் புதிய சங்கிலி சீக்கிரம் தேயும். ஸ்டார்ட் செய்யும் முன் க்ராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிக் குறிகள் பொருந்துகின்றனவா என்று பார்க்கவும்."

பற்படி வகை இறுக்கியைக் கழற்றினால் தண்டை மீண்டும் உள்ளே பின்வாங்க வைத்துத்தான் பூட்ட வேண்டும் என்பதையும் அதில் சேர்க்க வேண்டும். அப்படியே பூட்டினால் சங்கிலி அளவுக்கு மீறி விறைத்துவிடும். சில எஞ்சின்களில் பழைய சங்கிலியை ஒரு கண்ணியில் வெட்டி, அதோடு புதியதைக் கோத்து, க்ராங்கை மெல்லச் சுற்றி உள்ளே இழுத்துவிடும் முறையும் உண்டு. முன்மூடியைத் திறக்கும் கூலி மிச்சம். வழிகாட்டிகளும் பற்சக்கரங்களும் பழையவையாகவே இருந்துவிடும் என்பதால் அவை நல்ல நிலையில் இருந்தால்தான் இது பயன்படும். இந்த முறைக்கு 'கோத்திழுப்பு' என்று நான் எழுதி வருகிறேன். இதைவிட நல்லது தோன்றினால் சொல்லுங்கள்.

மற்றவை சுருக்கமாக. டென்ஷனருக்கு இறுக்கி போதும், விறைப்பி வேண்டாம். சங்கிலி பல்லை விட்டுத் தாவுவதற்கு மெக்கானிக்குகள் 'பல் தாண்டிருச்சு' என்கிறார்கள். 'பல் தாண்டல்' என்று அதை அப்படியே எடுத்துக்கொள்வோம். இதைவிடச் சரியாக நம்மால் ஒன்று ஆக்க முடியாது.

டைமிங் பெல்ட்டுக்கும் தேய்நீட்சி பொருந்துமா என்று முதல் மடலில் ஒருவர் கேட்டிருந்தார். பொருந்தாது. பெல்ட்டில் ஆணியும் இல்லை, துளையும் இல்லை. ரப்பர் வெடிக்கும், பல் பிய்யும், உள்ளிருக்கும் இழை அறும். அதற்கு 'இசைவு வார்' என்று பெயர் வைத்து, பழுதுகளுக்குத் தனியாக ஓர் இழை தொடங்கலாம்.