கோடியக்கரைத் தொட்டியடியில் பார்த்த வெளிமான் – உங்களுக்கும் இப்படி ஏதாவது உண்டா?

கடைமடைக்காரன், திருத்துறைப்பூண்டி பக்கம்:

வேதாரண்யம் பக்கத்துக் கடலோரக் கோடியக்கரை சரணாலயம் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன வைகாசியில் அக்கா மகன் லீவுக்கு வந்திருந்தான், மான் பார்த்தே ஆகணும் என்று பிடிவாதம். சாயங்காலம் உள்ளே போனோம். புல்வெளி முழுக்கக் காய்ந்து வைக்கோல் நிறத்தில் கிடந்தது. கூட வந்த காவலர் ஒரு சிமெண்டுத் தொட்டிக்குக் கொஞ்சம் தள்ளி வண்டியை நிறுத்தச் சொன்னார், கோடையில் மிருகங்களுக்காகத் தண்ணீர் நிரப்பி வைக்கிற தொட்டி.

அதில் ஐந்தாறு மட்டக்குதிரைகள் குடித்துக்கொண்டு நின்றன. ஐம்பதடி தள்ளி ஒரு ஆண் வெளிமான், நல்ல கறுப்பு, கண்ணைச் சுற்றி வெள்ளை, கொம்பு முறுக்கிக்கொண்டு மேலே போகிறது. பின்னால் கொம்பில்லாத பெட்டைகள் நாலைந்து. அது ஒரு அடி எடுத்து வைக்கும், குதிரை ஒன்று தலையைத் தூக்கினால் அப்படியே நின்றுவிடும், மறுபடி ஒரு அடி. கால் மணி நேரம் இப்படியே. கடைசியில் குதிரைகள் போன பிறகுதான் வந்தது. தண்ணீர் அடியோடு அடியாகக் கிடந்திருக்கும்போல, முன்னங்காலை மடக்கிக் கழுத்தை முழுக்க உள்ளே விட்டது. கொம்பு சிமெண்டில் உரசுகிற சத்தம் டர்ர், டர்ர் என்று வண்டிக்குள் இருந்த எங்களுக்கே கேட்டது.

வண்டியில் இருபது லிட்டர் கேன் முக்கால்வாசி நிறைந்து இருந்தது. ஊற்றட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் சார், காலையில தண்ணி வண்டி வந்துரும், இறங்காதீங்க" என்றார். நான் இறங்கவில்லை. திருத்துறைப்பூண்டி வரும்வரை பையன் கேட்டது ஒன்றே ஒன்றுதான், "ஏன் மாமா ஊத்தல?" வருஷம் ஆகப் போகிறது, எனக்கும் பதில் தெரியவில்லை. நான் செய்தது சரியா?

உப்பளத்து வீடு, வேதாரண்யம்:

அண்ணே, காவலர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இறங்கியிருந்தால் மான் ஓடியிருக்கும், குடித்ததையும் குடிக்காமல் போயிருக்கும்.

என் கதை குரங்குக் கதை. சின்ன வயசில் தை அமாவாசைக்குக் கோடியக்கரையில் கடலில் குளித்துவிட்டுத் திரும்பும்போது ரோட்டோரக் குரங்குக்கு முறுக்கு போடுவோம், எல்லா வண்டியிலும் போடுவார்கள். சில வருஷம் கழித்து அதே ரோட்டில் ஒரு வேன் முன்னால் குட்டி அடிபட்டதைப் பார்த்தேன். தாய் அதைத் தூக்கிக்கொண்டு போகவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து அதன் கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கையில் பாதிப் பிஸ்கட் இருந்தது. அதோடு விட்டேன்.

தொட்டித் தண்ணீரை விடப் பெரிய பிரச்சினை சீமைக்கருவேலம். வெளிமான் திறந்த வெளியில் வாழ்கிற பிராணி, தூரத்தில் நரியோ நாயோ வருவது கண்ணுக்குத் தெரிந்தால்தான் அதற்கு உயிர். கருவேலம் வந்து மூடினால் அந்த வெளி போயிற்று. குதிரை, மாடு, மான் எல்லாமே அந்தக் காயைத் தின்று, சாணியில் விதையைப் போட்டு இன்னும் பரப்புகின்றன. வெட்டினால் மட்டும் போதாது, வேரோடு பிடுங்கணும், துளிர்க்கத் துளிர்க்கத் திரும்பப் போகணும். செங்கால் நாரை பார்க்க வருகிற கார்க்காரர்களுக்கும் இதைச் சொல்லுங்கள், தின்பண்டம் போடாதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள், நாயைக் கூட்டி வராதீர்கள், பிளாஸ்டிக் பையைத் திரும்ப எடுத்துப் போங்கள்.

தலைஞாயிறு அக்கா:

மேலே தம்பி சொன்னதை முழுக்க ஒத்துக்கொள்ள முடியவில்லை. நல்ல நாளுக்குச் சட்டம் சரி. கஜா புயலுக்கு அப்புறம் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலை புயல் கரையைக் கடந்தது, அது உங்களுக்கே தெரியும். எங்கள் வீட்டு ஓடு போனது, தென்னை போனது, அதை விடுங்கள். மூன்றாம் நாள் கோடியக்காட்டில் இருக்கிற சின்னம்மாவுக்கு அரிசியும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு போனேன். ரோடு முழுக்க மரம், பாதித் தூரம் நடைதான். சின்னம்மா வீட்டு ஆட்டுக் கொட்டகையில் கூரை இல்லை, நாலு கால் மட்டும் நிற்கிறது. அதில் ஆடுகளோடு ஆடாக ஒரு பெட்டை வெளிமான். தொடையில் தோல் உரிந்து தொங்குகிறது, ஈ மொய்க்கிறது, ஆள் வந்தால் ஓடணும் என்பதுகூட அதற்கு மறந்துபோயிருந்தது. சின்னம்மா தன் குடிதண்ணீர்க் குடத்திலிருந்து ஒரு போகணி மொண்டு முன்னால் வைத்தார். அன்றைக்கு அந்தத் தெருவுக்கே நல்ல தண்ணீர் இல்லை. மான் குடித்தது. குடிக்கும்போது அதன் விலா எலும்பு ஒவ்வொன்றும் ஏறி இறங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அன்றைக்கு யார் வந்து வேண்டாம் என்று சொல்வது? சொல்ல ஆள் இல்லை, காவலர்கள் வீடும்தான் போயிருந்தது. மறுநாள் காலை மான் கொட்டகையில் இல்லை. பிழைத்ததா என்று சின்னம்மா இன்றைக்கும் கேட்பார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், குடவாசல்:

ஒரு திருத்தம். வேதாரண்யம் தம்பி சொல்கிற பறவை செங்கால் நாரை இல்லை, பூநாரை. செங்கால் நாரைக்கு நேரான சிவந்த அலகு. பூநாரைக்கு அலகு நடுவில் மடங்கியிருக்கும், தலையைக் கவிழ்த்துச் சேற்றுத் தண்ணீரை அரித்துத் தின்னும். இரண்டையும் குழப்புகிறவர்கள் அதிகம் என்பதால் சொன்னேன், தப்பாக நினைக்க வேண்டாம்.

மாணவர்களோடு ஒரு மார்கழி விடியலில் போயிருந்தேன். பனி விலகுவதற்கு முன் வெறும் சத்தம்தான், வாத்துக் கூட்டம்போல. விலகியதும் தண்ணீர் விளிம்பு முழுக்க ரோஸ் கோடு. கடைசி பெஞ்சு மாணவன் ஒருவன் அழுதுவிட்டான், காரணம் கேட்டால் தெரியவில்லை சார் என்றான்.

போக நினைப்பவர்களுக்கு: கார்த்திகை மழை விட்டதும், மார்கழி, தை நல்ல காலம். வைகாசியில் போகாதீர்கள், கடைமடைக்காரர் பார்த்த காட்சிதான் கிடைக்கும். விடியற்காலை வேதாரண்யத்தில் இருக்கும்படி கிளம்புங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம், காக்கியோ பச்சையோ போடுங்கள். தொலைநோக்கி இல்லாமல் போனால் பூநாரை வெறும் புள்ளிதான். உளையில் இறங்காதீர்கள், முழங்கால் வரை இழுத்துவிடும். வனத்துறை அனுமதி வாங்காமல் உள்ளே போகக் கூடாது. 1967-இல் இது வெளிமானுக்காகவே சரணாலயம் ஆனது, 2002-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, பிள்ளைகளிடம் இதைச் சொல்லிக் கூட்டிப் போங்கள். முள்ளியாறும் அடப்பாறும் கொண்டுவரும் நல்ல தண்ணீர் குறைந்தால் சதுப்பில் உப்பு ஏறும், பறவைக்கு இரை குறையும். மேட்டூரில் திறக்கிற காவிரித் தண்ணீருக்கும் பூநாரைக்கும் சம்பந்தம் உண்டு என்பதை நம் ஜில்லாப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மல்லிப்பட்டினம் படகு:

மான் கதையில் கடல் கதை சொல்லலாமா தெரியவில்லை, ஆனால் நாலு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரி வலை இழுக்கும்போது கனம் அதிகமாக இருந்தது, சுறா என்று நினைத்தோம். டார்ச் அடித்தால் ஆவுளியா, கடற்பசு. மூச்சு விடுகிற பிராணி, சில நிமிஷத்துக்கு ஒரு தடவை மேலே வரணும், வலை விடவில்லை என்றால் மூழ்கியே செத்துவிடும். அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை, கத்தியை எடுத்து வலையை அறுத்தார். அந்த வருஷம்தான் வாங்கிய வலை. மேலே வந்து மூச்சு விட்டது பாருங்கள், புஸ்ஸென்று, மனுஷன் பெருமூச்சு விட்ட மாதிரியே, தண்ணீர் என் முகத்தில் அடித்தது. பிற்பாடு 2022-இல் எங்கள் கடல் பகுதியைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள்.

குடவாசல் சார், நீங்கள் சொன்னதெல்லாம் சரி, ஆனால் கடைமடைக்கார அண்ணன் எப்போது போகலாம் என்று கேட்கவே இல்லை.

கடைமடைக்காரன்:

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். உப்பளத்துத் தம்பி சொன்னதைப் புத்தி ஏற்கிறது. தலைஞாயிறு அக்கா, சின்னம்மா போகணியை நினைத்தால் தொண்டை அடைக்கிறது, அது வேறு நாள் என்பதும் புரிகிறது. எங்கள் வயலுக்குத் தண்ணீர் எப்போதும் கடைசியில்தான் வரும், மேலே உள்ளவர்கள் பாய்ச்சி முடிக்கும்வரை மடையடியில் நின்று பழகியவன் நான். அந்த மான் நின்ற நிலை எனக்கு அதனால்தான் விளங்கிற்று.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. அது குடித்து முடித்து ஒதுங்கிய பிறகுதான் பெட்டைகள் வந்தன. தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, குடிக்காமலே திரும்பிப் போயின. மறுநாள் காலை தண்ணி வண்டி வந்ததா என்று காவலரிடம் போனில் கேட்டேன். ஒன்பது மணிக்கு வந்தது என்றார்.