புதுப்பிப்பு: ஜாகுவார் இ-டைப் 4.2-ஆ, போர்ஷே 911 எஸ் 2.4-ஆ?

முந்தைய பதிவில் இந்த இரண்டு பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் (4.2, 2.4 என்பவை என்ஜினின் லிட்டர் அளவு) ஓட்டத்தை ஒப்பிட்டிருந்தேன். வாங்கும்முன் காரில் எந்தெந்த இடங்களைச் சோதிப்பது என்று பலர் கேட்டார்கள்.

இ-டைப்பில் பின் பிரேக் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லை, உள்ளே டிஃபரன்ஷியலை (பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டி) ஒட்டி இருக்கின்றன. பிரேக் சூட்டில் டிஃபரன்ஷியலின் ஆயில் சீல் (எண்ணெய் கசியாமல் காக்கும் வளையம்) கருகி, எண்ணெய் டிஸ்க்கில் வடியும். சீல் மலிவுதான், டிஸ்க்கை மாற்றப் பின் சஸ்பென்ஷனையே மொத்தமாக இறக்கும் கூலிதான் பர்ஸைக் காலி செய்யும். முன்பக்கச் சட்டகக் குழாய்கள் உள்ளிருந்து துருப்பிடிக்கும், பளபளக்கும் பெயின்ட்டை நம்பாதீர்கள்.

911-இல் ஆயிலை, என்ஜின் நன்கு சூடேறி, சமதரையில் ஐடிலில் ஓடும்போதே அளக்கவும். 1972 மாடலில் ஆயில் மூடி வலப்பக்க பாடியில், வெளியே. பெட்ரோல் மூடி என்று நினைத்து அதில் பெட்ரோல் ஊற்றிய புண்ணியவான்கள் உண்டு! 1973 மாடலில் அதை என்ஜின் அறைக்குள் கொண்டுபோய்விட்டார்கள்.

துருவில்லாத 911 எஸ் கிடைத்தால் என் ஓட்டு அதற்கே. என்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷன் பம்ப் தேய்ந்திருந்தால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.