ராஸே தீவின் டூன் கான்: ஏறியவர்கள் இருக்கிறீர்களா?

ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஸ்டோர் பாறைக்குத்தான் படையெடுக்கிறார்கள். நாங்கள் அங்கே ஸ்கான்சரில் ஃபெர்ரி ஏறி 25 நிமிடத்தில் பக்கத்துத் தீவான ராஸேயில் இறங்கினோம். டூன் கான் மலை 443 மீட்டர்தான், உச்சி தோசைக்கல் மாதிரி தட்டை. ஏறியதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மேலே ஒரு பெரியவர், கூடவே பழுப்பு நாய். "1773-இல் பாஸ்வெல் இங்கேதான் ஆடினார், தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன் (டாக்டர் ஜான்சனின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்). "பிறகென்ன, ஆடு!" கைத்தடியைக் கீழே போட்டுவிட்டு அவரே இரண்டு சுற்று ஆடினார், அந்தக் காற்றில். நான் போனை நீட்டிப் படம் பிடித்தபடி நின்றேன். மூன்று வருடமாகிறது. அந்தப் படத்தைத் திறந்தாலே கூச்சமாக இருக்கிறது.

*

சொல்ல ஒன்றுமில்லையா? வெயில் நாளில் போயிருப்பீர்கள். நான் போனது அக்டோபர். பழைய இரும்புச் சுரங்கப் பக்கமாக ஏறினேன் (முதல் உலகப் போரில் ஜெர்மன் கைதிகள் வேலை செய்த சுரங்கம்). உச்சிக்கு முன்னால் பாதை ஏரி வரை இறங்கும், ஏறியதில் பாதி வீண். அங்கே மூடுபனி. தண்ணீர் கரையில் மோதுவது கேட்கிறது, தண்ணீரைக் காணோம். எதிரே யாரோ இருமினார்கள். கூப்பிட்டேன், பதில் இல்லை. மறுபடி இருமல், இன்னும் கிட்டத்தில். பனி விலகினால் ஒரு செம்மறி ஆடு! சிரிப்பு வரவில்லை, திரும்பிவிட்டேன்.

*

திரும்பியது சரி, ஆனால் அக்டோபரில் தனியாகப் போனதே தப்பு. காகித வரைபடமும் திசைகாட்டியும் கட்டாயம், போனை நம்பாதீர்கள். கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ் போடுங்கள், சேறு அப்படி. கோடையில் போனால் மிட்ஜ் பூச்சிக்கு முகவலை. இறங்கியதும் முழங்காலுக்குப் பின்னால் உண்ணி கடித்திருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் நசுக்காமல் நேராகப் பிடுங்க வேண்டும். கடைசி ஃபெர்ரி எத்தனை மணிக்கு என்று முந்தின நாளே கேட்டு வையுங்கள். நான் அந்த மலையில் ஏறியதில்லை. தீவின் வடக்கே, அந்த ஊர்க்காரர் கேலம் மெக்லவுட் மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாகப் பத்து வருடம் தனியாளாகப் போட்ட சாலையைப் பார்க்கப் போனேன், மழை, காரை விட்டு இறங்கவில்லை.

*

உண்ணியைப் பற்றி யாரும் கேட்கவில்லையே ஐயா. அந்தப் பெரியவரை வேறு யாராவது பார்த்தீர்களா? நாய்க்கு இடது காது மடங்கியிருக்கும்.