பிளானில் சரியாக இருக்கும் படிக்கட்டு செக்‌ஷனில் ஏன் ஒத்துவருவதில்லை?

வெண்தாள்:
அனைவருக்கும் வணக்கம். நான் உள்ளக வடிவமைப்பு படிக்கும் மாணவி. மேலிருந்து பார்க்கும் பிளான் வரையும்போது இல்லாத தடுமாற்றம், கட்டடத்தைச் செங்குத்தாக வெட்டிக் காட்டும் செக்‌ஷனுக்கும் சுவரை நேரெதிரே பார்த்து வரையும் எலிவேஷனுக்கும் வந்ததும் தொடங்கிவிடுகிறது. இப்போது வரைந்துகொண்டிருப்பது ஒரு மாடி வீடு. தளத்துக்குத் தளம் உயரம் 3000 மி.மீ.; படிக்கட்டு இரண்டு வரிசையாகத் திரும்பி ஏறுகிறது; வரிசைக்கு 9 ரைசர் (படியின் செங்குத்து முகம்), ட்ரெட் (கால் வைக்கும் பரப்பு) 270. படிக்கட்டு அறையின் நீளம் 3160. பிளானில் லேண்டிங்குக்கு (படிகள் திரும்பும் இடைத்தளம்) 1000 மி.மீ. கிடைத்தது. அதையே செக்‌ஷனாக வரைந்தபோது 730 மட்டுமே மிஞ்சுகிறது. எங்கே தவறினேன் என்று தெரியவில்லை.

இன்னொரு ஐயமும் உண்டு. சமையலறைச் சுவரின் எலிவேஷனில் இருபக்கச் சுவர்களையும் சற்றுச் சாய்த்து, அறைக்குள் நின்று பார்ப்பதுபோல் வரைந்திருந்தேன். ஆசிரியர் அதை அடித்துவிட்டார். எங்கே வெட்டிப் பார்க்கிறோம் என்று பிளானில் குறிக்கும் வெட்டுக்கோட்டை எங்கே வைக்க வேண்டும் என்பதையும் யாரேனும் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

தூக்குக்குண்டு:
வணக்கம் அம்மா. 270 மி.மீ. எங்கே போயிற்று என்பதற்கு விடை உங்கள் எண்களிலேயே இருக்கிறது. ஒரு வரிசையில் 9 ரைசர் இருந்தால் ட்ரெட் 8தான் வரும். ஒன்பதாவது ரைசரை ஏறிக் கால் வைக்கும் இடம் லேண்டிங்கே. 8 × 270 = 2160, அதனுடன் லேண்டிங் 1000, ஆக 3160. செக்‌ஷனில் 9 ட்ரெட் வரைந்துவிட்டீர்கள். படிகளை ஒவ்வொன்றாக அளந்து அடுக்கிக்கொண்டே போனால் இப்படித்தான் ஆகும். பிளானை மேலே ஒட்டிவைத்து, ஒவ்வொரு ரைசரின் கோட்டையும் கீழே இறக்குங்கள். உயரத்தில் 3000ஐ 18 சம பாகமாகப் பிரித்துக் குறுக்கே கோடு இழுங்கள். இரண்டும் சந்திக்கும் இடங்களே படிகள். 166.7 உயரத்துக்கு 270 ட்ரெட் என்பது ஏறுவதற்கும் நல்ல அளவுதான்: இரண்டு ரைசரும் ஒரு ட்ரெட்டும் சேர்ந்து 600 முதல் 630 வரை இருக்க வேண்டும் என்ற பழைய கணக்கில் உங்களுக்கு 603 வருகிறது.

வெட்டுக்கோட்டைப் பொறுத்தவரை, சுலபமாக வரையக்கூடிய இடத்தைத் தேடாதீர்கள். பிளான் எதை மறைக்கிறதோ அங்கே வையுங்கள். படிக்கட்டு, தளமட்டம் மாறும் இடம், கூரை உயரம் மாறும் இடம் ஆகியவை முதலில் வர வேண்டும். தூணின் நடுவே கோடு போனால் அந்தத் தூண் சுவர்போல் தோன்றி ஏமாற்றும், சற்று விலக்கிக்கொள்ளுங்கள். கோட்டின் இருமுனையிலும் உள்ள அம்புக்குறியை அலங்காரமாக நினைக்க வேண்டாம், அது பார்க்கும் திசையைச் சொல்கிறது. உங்கள் படிக்கட்டில் ஒரு வரிசையை வெட்டி, மற்ற வரிசை இருக்கும் பக்கம் பார்த்தால், வெட்டியது தடித்த கோட்டிலும் மற்றது பின்னால் மெல்லிய கோட்டிலும் தெரியும். அம்பைத் திருப்பிவிட்டால் அந்த இரண்டாம் வரிசை படத்திலேயே வராது. கத்தி பட்ட அனைத்துக்கும் 0.5 அல்லது 0.7 மி.மீ. கோடு, அப்பால் தெரிவதற்கு 0.25 மி.மீ. கோடு என்று பிரித்தாலே படம் பாதி பேசிவிடும்.

மூலைமட்டம்:
உங்கள் சமையலறை எலிவேஷனைப் பற்றி நான் சொல்கிறேன். ஆசிரியர் அடித்தது நியாயமே. சாய்ந்த கோட்டில் அளவு எடுக்க முடியாது. 1519 வாக்கில் போப் பத்தாம் லியோவுக்கு எழுதப்பட்ட கடிதத்தில் இத்தாலிய ஓவியரும் கட்டடக் கலைஞருமான ரபேல் இதையே வலியுறுத்தியிருக்கிறார்: தளப்படம், வெளிச்சுவர், உட்சுவர் என மூன்று படங்கள், தொலைவில் குறுகும் கோடுகள் ஓவியருக்குரியவை, கட்டடக் கலைஞருக்கு உரியவை அல்ல. ஐந்நூறு ஆண்டுகளாக அந்த நியாயம் மாறவில்லை.

உள் எலிவேஷனும் ஒரு செக்‌ஷன்தான் என்று பழகிக்கொள்ளுங்கள். அறையின் தரை, இருபக்கச் சுவர், மேல்தளம் ஆகிய நான்கும் வெட்டுப்பட்டவை. அந்தச் சட்டத்தைத் தடித்த கோட்டில் முதலில் போட்டுவிட்டு, அதற்குள் அலமாரிகளை வரையுங்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நான் இதைச் செய்யத் தவறினேன். கவுண்டர் 850, அதற்கு மேல் இடைவெளி 600, மேல் அலமாரி 700, அதன்மேல் சிறிய அடுக்கு 450 என்று 2600 வரை சுவரை நிரப்பி, கதவுகளின் மரநிறம் வரை அழகாக வரைந்திருந்தேன். சுவரைவிட 100 மி.மீ. உள்ளே துருத்திக்கொண்டிருந்த பீமின் அடிப்பகுதி 2500இல் இருந்தது. நேரே பார்க்கும் படத்தில் பீம் ஒரு கிடைக்கோடு மட்டுமே. அதை அலமாரியின் விளிம்பு என்றே என் கண் எடுத்துக்கொண்டது. செய்து கொண்டுவந்த அடுக்குகளின் பின்புறத்தை வேலையிடத்திலேயே அறுத்த தச்சரின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அன்றிலிருந்து, எலிவேஷனின் பக்கத்திலேயே அந்தச் சுவருக்குக் குறுக்காக ஒரு சிறு செக்‌ஷன் போடாமல் எந்தச் சுவரையும் நான் அனுப்புவதில்லை. அளவுகளை எல்லாம் முடிக்கப்பட்ட தரையிலிருந்தே குறியுங்கள். பூச்சுக்கும் தரை ஓட்டுக்கும் முந்தைய கான்கிரீட் மட்டத்திலிருந்து சிலவும் தரையிலிருந்து சிலவும் கலந்தால் 50 மி.மீ. எங்கே தொலைந்தது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

வெண்தாள்:
இருவருக்கும் மிக்க நன்றி. கோடுகளை இறக்கி வரைந்ததும் படிகள் சரியாக அமைந்துவிட்டன. ஆனால் புதிதாக ஒன்று கண்ணில் பட்டது. லேண்டிங்குக்குக் கீழே கழிவறைக்குக் கதவு வைத்திருந்தேன். பிளானில் அது இயல்பாகத் தெரிந்தது. லேண்டிங்கின் மட்டம் 1500, அதன் ஸ்லாப் (கான்கிரீட் பலகை) 150 தடிமன். கதவுக்கு மிஞ்சுவது 1350 மட்டுமே. முதல் வரிசையை நீட்டினால் சரியாகுமா?

தூக்குக்குண்டு:
கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். கதவுக்கு 2100, ஸ்லாபுக்கு 150, ஆக லேண்டிங் குறைந்தது 2250இல் இருக்க வேண்டும். அதற்கு 14 ரைசர், 13 ட்ரெட் தேவை. வரிசையின் நீளமே 3510, லேண்டிங்கோடு 4510. உங்கள் அறை 3160தான். எனவே கதவை வேறு சுவருக்கு மாற்றுங்கள். லேண்டிங்கின் அடியைப் பொருள் வைக்கும் இடமாக விட்டுவிடுங்கள்.

கையோடு வெளி எலிவேஷனையும் எடுத்துப் பாருங்கள். லேண்டிங் பக்கத்துச் சுவரில், மற்ற சன்னல்களோடு வரிசையாக இருக்கட்டும் என்று 900 முதல் 2100 வரை ஒரு சன்னல் போட்டிருந்தால், அந்த ஸ்லாப் அதன் நடுவே குறுக்காக ஓடும். சன்னலின் அடியை லேண்டிங்கிலிருந்து 900 உயர்த்தி, தரையிலிருந்து 2400இல் வையுங்கள். முகப்பின் வரிசை கலைவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். படிக்கட்டு எங்கே இருக்கிறது என்பதை அந்த உயர்ந்த சன்னல் வெளியிலிருந்தே சொல்லிவிடும்.