பெட்டகத்தில் கிடந்த அமெரிக்க ஊர்வலக் கொடி, 45 நட்சத்திரம்: அசலா? தோய்க்கலாமா?

நல்லூரான்:
வணக்கம். மானிப்பாயில் அம்மம்மாவின் பழைய வீட்டைத் திருத்தும்போது, பெட்டகத்துக்குள் வேதாகமங்களுக்கும் பாட்டுப் புத்தகங்களுக்கும் நடுவில் ஒரு சின்ன அமெரிக்கக் கொடி கிடந்தது. முழங்கை நீளம் வரும், பருத்தித் துணி மாதிரி இருக்கிறது, முழுக்க அச்சடித்தது, தையலே இல்லை, ஒரு ஓரத்தில் துருப்பிடித்த ஆணித் துளைகள். நட்சத்திரம் 45, எட்டும் ஏழுமாக மாறி மாறி ஆறு வரிசை. அம்மம்மாவின் ஆட்கள் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்கள், அதனால் மிஷன்காரர் கொடுத்ததுதான் என்று வீட்டில் ஒரே கதை. எந்தக் காலத்தது, அசலா என்று எப்படிப் பார்ப்பது? நடுவில் பழுப்புக் கறை இருக்கிறது, அம்மா தோய்த்து அயன் பண்ணி பிரேம் போடுவம் என்கிறா. எனக்கு இப்படியான கொடிகளைச் சேர்க்கவும் ஆசை வந்துவிட்டது.

கதியால்:
முதலில் அம்மாவை மறியுங்கோ தம்பி. தண்ணி பட்டால் சிவப்பு கரைந்து வெள்ளைக்குள் இறங்கிவிடலாம், பிறகு ஒருவராலும் எடுக்க ஏலாது. கறை இருந்தால் இருக்கட்டும்.

1818ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு மாநிலம் சேர்ந்தால், அடுத்து வருகிற ஜூலை 4இல் ஒரு நட்சத்திரம் கூடும். யூட்டா 1896 ஜனவரியில் சேர்ந்தது, அந்த ஜூலையிலிருந்து 45. ஒக்லஹோமாவுக்காக 1908 ஜூலையில் 46 ஆனது. உங்கள் கொடி அசல் என்றால் அந்தப் பன்னிரண்டு வருசத்துக்குள் அச்சடித்ததாகத்தான் இருக்கும். ஆணித் துளை தடியில் அடித்த அடையாளம். ஒரு நாள் ஊர்வலத்தில் கையில் பிடித்து ஆட்டிவிட்டு எறிகிற சாமான் இது, அதனால்தான் தப்பிக் கிடக்கிற ஒவ்வொன்றிலும் எனக்கு இவ்வளவு பற்று.

1912இல் ஜனாதிபதி டாஃப்ட் உத்தரவு போடும்வரை நட்சத்திரங்களை எப்படி அடுக்குவது என்று பொதுவான விதி இல்லை. வட்டமாக, ஒரே பெரிய நட்சத்திர வடிவமாக என்று அச்சடித்தவன் விருப்பம்தான். 1877 முதல் 1890 வரையான 38 நட்சத்திரக் கொடிகளில் அந்த அழகைப் பார்க்க வேண்டும்! 42 இன்னும் சுவையானது. 1889 கடைசியில் மாநிலங்கள் 42 ஆனதும் அதை நம்பி அச்சடித்துத் தள்ளினார்கள், 1890 ஜூலை 3 அன்று ஐடஹோ சேர்ந்தது, அடுத்த நாள் கணக்கு 43. 42 ஒருநாளும் அதிகாரபூர்வக் கொடியாகவே இல்லை.

உடுவில் பிள்ளை:
கதியால் அண்ணை சொன்னது சரி, ஆனால் நட்சத்திரத்தை எண்ணி மட்டும் அசல் என்று முடிவெடுக்க வேண்டாம். 1876 அமெரிக்கச் சுதந்திர நூற்றாண்டு விழாவுக்கே 13 நட்சத்திரக் கொடிகள் அச்சடித்தார்கள், அதை முதல் கொடி வந்த 1777ஆம் ஆண்டினது என்று நம்புகிற ஆட்கள் இன்றும் இருக்கினம். காசு பார்க்கிற ஊதா விளக்கு நகைக்கடையில் இருக்கும், அதன் கீழே இருட்டில் பிடித்துப் பாருங்கோ. துணி நீலமாகப் பளிச்சென்று ஒளிர்ந்தால் பிற்காலத்து வெண்மைச் சாயம் கலந்தது, சந்தேகப்பட வேண்டும். ஒளிராவிட்டாலும் அதுவே அத்தாட்சி இல்லை. பிரிந்து தொங்குகிற ஒரு நூலை எரித்தால் பருத்தி கடதாசி மாதிரிச் சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகி மணியாகத் திரளும். தேத்தண்ணியில் ஊறவைத்துப் பழசாக்கியதென்றால் பழுப்பு எங்கும் ஒரே சீராக இருக்கும்.

மிஷன் கதை பொருந்தக்கூடியதுதான். அமெரிக்கன் மிஷன் 1816இல் வந்தது, 1823இல் வட்டுக்கோட்டை செமினரி, 1824இல் உடுவில் பெண்கள் பள்ளிக்கூடம், உங்கள் மானிப்பாயில் மிஷன் வைத்தியர் டொக்டர் கிறீன். கொடிக் காலத்திலும் மிஷன்காரர் இங்கேதான். ஆனாலும் கடிதமோ படமோ இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தப் பாட்டுப் புத்தகங்களின் முதல் பக்கத்தில் பெயர், திகதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கோ. எல்லாவற்றையும் கிடந்த நிலையிலேயே படமெடுங்கோ, வீட்டில் வயது போனவர்கள் சொல்கிறதை இப்பவே எழுதி வையுங்கோ. அந்தக் கதையைப் பிரித்தால் கொடியின் பாதி போய்விடும்.

நல்லூரான்:
இரண்டு பேருக்கும் மெத்தப் பெரிய உபகாரம். அம்மா சம்மதித்துவிட்டா, தோய்க்கவில்லை. ஒரு பாட்டுப் புத்தகத்தில் 1903 என்று மையால் எழுதியிருக்கிறது! இனி எப்படி வைப்பது, சேர்ப்பதென்றால் எதை முதலில் வாங்குவது?

கதியால்:
1903 நல்ல சேதி, அந்தப் பக்கத்தையும் படமெடுங்கோ. நம் ஊர் உப்புக் காற்றுக்கும் மாரி ஈரத்துக்கும் மடித்து வைத்தால் மடிப்பிலேயே கிழியும். அமிலமில்லாத தாளில் சுற்றி, உருளையாகச் சுருட்டி, சுவரில் முட்டாமல் அலுமாரியில் வையுங்கோ. பூச்சி உருண்டை துணியில் படக்கூடாது, செலோ டேப், பசை, லமினேட் வேண்டவே வேண்டாம். பிரேம் என்றால் கண்ணாடி துணியில் ஒட்டாமல் இடைவெளி விட்டு, வெயில் படாத சுவரில்.

வாங்குவதென்றால் 48 நட்சத்திரத்தில் தொடங்குங்கோ. 1912 முதல் 1959 வரை அதுதான், கனக்கக் கிடைக்கும், விலையும் குறைவு. நாலைந்தைக் கையில் எடுத்துத் துணியையும் அச்சையும் பழகிய பிறகு 38ஐத் தேடலாம்.